கட்டாயம் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

அத்தியாயம் 17

கலங்கரை விளக்கத்தில் மொத்தம் நூற்று எண்பத்திரண்டு படிகள். தொண்ணூறாவது படியில் தலைக்கு மேல் ஓர் இரும்பு உத்திரம் குறுக்கே ஓடும். அந்த இடம் வந்ததும், சுற்றுலா வழிகாட்டியான பெரியவள் கையிலுள்ள மஞ்சள் கொடியை உயர்த்தி, “தலை! தலை!” என்று கத்துவாள். கத்த மறந்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் நெற்றியில் புடைப்போடுதான் உச்சிக்குப் போவார்கள்.

இன்று அவளுக்கு அடுத்தபடியாக ஏறி வந்தவர் அந்த இடத்தைத் தாண்டும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் பின்னால் திரும்பித் தன் மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். பேச்சு நிற்கவில்லை, கண் மேலே போகவில்லை. கழுத்து மட்டும் தானாக வளைந்து, உத்திரம் கடந்ததும் நிமிர்ந்தது.

கீழே வாசலில் வைத்து, “இந்த ஊருக்கு இதான் முதல் தடவை” என்று சொன்ன மனிதர் அவர்.

“தலை! பின்னாடி வர்றவங்க தலையைப் பாத்துக்குங்க!” என்று பெரியவள் கத்தினாள். குரல் அவளுக்கே கிறீச்சென்று கேட்டது.

நேற்று மாலை சுற்றுலா அலுவலகம் கொடுத்த பயணிகள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது, ஒரே பெயரில் ஊரில் எத்தனையோ பேர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள் அவள். அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. இன்று காலை எட்டு மணிக்குப் பயணிகள் கப்பலிலிருந்து அவர் இறங்கி வந்தபோது, வலது தோள் சற்று இறங்கிய அந்த நடையைப் பார்த்ததும் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அப்போதும் நம்பவில்லை. நம்ப வைத்தது இந்த உத்திரம்தான்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன், சரக்குக் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனவர் அவளுடைய அப்பா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து.

மூழ்கிப் போனவர் இப்போது உச்சி மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, “காத்து ஜிலுஜிலுன்னு இருக்குல்ல?” என்கிறார். பக்கத்தில் ஒரு மனைவி. கணக்கு டீச்சராம். பதினேழு வயதில் ஒரு மகள்.

பெரியவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘வழிகாட்டி 34’ என்றுதான் இருந்தது. அவள் முகத்தை அவர் இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும், கழிப்பறை எங்கே என்று கேட்பதற்காக.

பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு, துறைமுகத்தின் ஆழம் எத்தனை அடி என்று பன்னிரண்டு பேருக்கும் விளக்கினாள்.

*

‘கட்டாயம் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த வண்ண அட்டை ஒன்று எல்லோர் கையிலும் உண்டு. கலங்கரை விளக்கம், சுங்க மாளிகை மணிக்கூண்டு, மீன் ஏலக்கூடம், பெயர்ச் சுவர், கடைசியாகத் துறைமுகத்தைக் கடக்கும் படகு. கணக்கு டீச்சர் ஒவ்வோர் இடம் முடிந்ததும் பேனாவை எடுத்து ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

மீன் ஏலக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது டீச்சரின் கணவர் சொன்னார்: “அந்தச் சுவத்துல என்ன இருக்கு? வெறும் பேருதானே? வெயில் வேற. நேரா படகுக்குப் போயிடலாமே?”

“அஞ்சுல ஒண்ணை விட்டுட்டுப் போறதா? அதெல்லாம் முடியாது” என்றார் டீச்சர்.

“சார் கட்டாயம் பாக்கணும்” என்றாள் பெரியவள். “மத்த நாலை விட்டாலும் பரவாயில்ல. அதை விடக்கூடாது.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதால் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

பெயர்ச் சுவர் அலைதடுப்பு ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது. ஆள் உயரக் கருங்கல். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் கப்பல் வாரியாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவர் இந்த ஊரில் இருந்த காலத்தில் அது கிடையாது.

“இது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி மூழ்கின சரக்குக் கப்பல்” என்று பெரியவள் ஆரம்பித்தாள். “இந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர ரெண்டு மணி நேரம் இருந்தப்போ புயல்ல மாட்டிக்கிச்சு. மொத்தம் இருபத்துமூணு பேர். ஒருத்தர்கூடத் தப்பிக்கல.”

அந்தச் சின்னப் பெண் விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டே வந்தது. பதினோராவது பெயரில் விரல் நின்றது.

“அப்பா! இங்க பாருங்க, உங்க பேரு! இனிஷியல்கூட அதேதான்!”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு விநாடிதான். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “என் பேர்ல ஆயிரம் பேர் இருப்பான். இதுல என்ன அதிசயம்?”

“பக்கத்துல நில்லுங்கப்பா. ஒரு போட்டோ எடுக்கறேன். செம காமெடியா இருக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை போலும். போய் நின்றார். தன் பெயருக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு. மகள், “சிரிங்கப்பா” என்றது. சிரித்தார்.

வருடத்துக்கு ஒரு முறை அம்மா அந்தப் பெயரைத் துணியால் துடைப்பாள். தம்பி தலைகுனிந்து நிற்பான். பெரியவள் தன் பரீட்சை மார்க்கையெல்லாம் அந்தக் கல்லிடம் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் நின்று இந்த ஆள் போட்டோவுக்குச் சிரிக்கிறார்.

“அந்தப் பேருக்கு ஒரு கதை இருக்கு” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“கப்பல்ல சரக்கு தூக்கற வின்ச்சை ஓட்டினவர். கம்பெனிப் பட்டியல்ல ஏதோ குழப்பம். இவர் பேரு மட்டும் விட்டுப்போச்சு. இவர் சம்சாரம் அந்த ஆபீஸ் வாசல்ல நாலு வருஷம் உக்காந்து, சண்டை போட்டு, இதைச் செதுக்க வெச்சாங்க. ரெண்டு பிள்ளைங்க. பையனுக்கு அப்போ அஞ்சு வயசு. அப்பா தண்ணிக்கு அடியில இருக்கார்னு சொன்னதும், நான் போய்க் கூட்டிட்டு வரேன்னான். சின்னப் பிள்ளை ஏதோ பேசுதுன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. அவன் விடல. பதினெட்டு வயசுல டைவர் வேலைக்குச் சேந்தான். லீவு நாள்லயும் அந்தக் கப்பல் கிடக்கிற இடத்துக்குத்தான் போவான்.”

“அய்யோ பாவம்” என்றது சின்னப் பெண்.

டீச்சர் கல்லில் பெயர்களுக்கு மேலே செதுக்கியிருந்த தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவள் அந்த மனிதரைப் பார்த்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றியிருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் அது என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் அவர் மட்டும் அவளை அப்படிக் கூப்பிடுவார்.

‘பெரிசு.’

*

சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்களை ஓட்டலில் உட்கார வைத்துவிட்டு அவள் பின்பக்கம் வந்தாள். காலி கேஸ் சிலிண்டர்கள் அடுக்கியிருந்த சந்து. எதிர்பார்த்தபடியே அவரும் வந்தார்.

“பெரிசு...”

“வழிகாட்டி முப்பத்திநாலு. அப்படிக் கூப்பிடுங்க.”

“கோபம் வரும்மா. நியாயந்தான். நான் முந்தின துறைமுகத்துலயே இறங்கிட்டேன். அப்போ எனக்கு முப்பத்தோரு வயசு. புத்தி ஒரு நிலையில இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு வந்துடலாம்னுதான்...”

“கப்பல் மூழ்கினது எப்போ தெரிஞ்சுது?”

“மறுநாள். பேப்பர்ல படிச்சேன்.”

“படிச்சுட்டு?”

அவர் சந்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“மடிச்சு வெச்சுட்டீங்க. வசதியாப் போச்சு, இல்ல? லெட்டர் எழுத வேணாம், காரணம் சொல்ல வேணாம். கடலே எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துடுச்சு!”

“மெதுவாப் பேசும்மா.”

“ஏன்? உள்ள இருக்கறவங்களுக்குக் கேட்டுடுமா? இப்ப எதுக்கு வந்தீங்க? எங்களைப் பாக்கவா?”

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்று அடுத்த நிமிடமே அவளுக்குத் தோன்றியது. ஏனென்றால் அவர் உண்மையைச் சொன்னார்.

“கப்பல் வேற ஊருக்குப் போக வேண்டியது. வானிலை சரியில்லன்னு வழியை மாத்திட்டாங்க. இங்கதான் நிக்கும்னு முந்தாநாள்தான் தெரியும்.”

“ரூம்லயே படுத்திருக்கலாமே? தலைவலின்னு ஒரு பொய். உங்களுக்கா பொய் வராது?”

“பொண்ணு கலங்கரை விளக்கம் பாக்கணும்னு ஆசைப்பட்டா. அவ கேட்டா நான் எதுக்கும்...”

பாதியில் நிறுத்திவிட்டார். நிறுத்தி என்ன பயன்? வார்த்தை வந்து விழுந்துவிட்டது.

பெரியவள் கை ஓங்கிவிடுவோமோ என்று பயந்து, கொடிக் கம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள போய்ச் சாப்பிடுங்க. மூணு மணிக்கு வண்டி எடுக்கணும்.”

அவர் போனதும் தம்பிக்குப் போன் செய்தாள். துறைமுகத்தில் எல்லோரும் அவனை ‘முங்கி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டுவது, கப்பலைத் தள்ளும் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பது அவன் வேலை.

“என்னக்கா? சிலிண்டர் மாத்திட்டு இருக்கேன். சீக்கிரம் சொல்லு.”

“உக்காரு முதல்ல.”

“படகுல எங்க உக்காரறது? சும்மா சொல்லு.”

“அப்பா உயிரோட இருக்கார்டா. இங்க இருக்கார். பயணிகள் கப்பல்ல வந்திருக்கார், பொண்டாட்டி பிள்ளையோட.”

அந்தப் பக்கம் தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

“டேய்?”

“கப்பல் எத்தனை மணிக்கு?”

“அஞ்சு.”

“எனக்கு இங்க முடிய நாலரை ஆகும். பிடிச்சு வை” என்றான். அவ்வளவுதான். அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

*

மூன்றரை மணிக்குப் படகுத்துறை. ஒலிபெருக்கியில் நிதானமான ஒரு பெண் குரல்: “பயணிகள் கவனத்திற்கு. அக்கரை செல்லும் படகு மூன்றாவது மேடையிலிருந்து மூன்று ஐம்பதுக்குப் புறப்படும். இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறவும்.”

அவர் நடையை நிறுத்தினார். கல்லாகச் சமைந்து நின்றார்.

“என்னப்பா?” என்றது மகள்.

“ஒண்ணுமில்ல. படி வழுக்குது.”

அது அம்மாவின் குரல். பதினேழு வருடங்களாக இந்தத் துறையின் குரல். பெரியவள் பன்னிரண்டு பேரையும் படகில் உட்கார வைத்துவிட்டு, இரும்புப் படியில் தடதடவென்று ஏறி அறிவிப்பு அறைக்குப் போனாள்.

அம்மா மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “எதுக்கு இப்படி மூச்சு வாங்குது? கூட்டத்தை விட்டுட்டு வந்துட்டியா?”

“அம்மா, பதறாம கேளு. அப்பா...”

“பாத்தேன்” என்றாள் அம்மா. கண்ணாடி ஜன்னல் பக்கம் தலையை அசைத்தாள். “படியில நின்னப்போ பாத்தேன். தோள் இன்னும் அப்படியேதான் இருக்கு.”

பெரியவளுக்கு விளங்கவில்லை. செத்த புருஷனைப் பார்த்தவள் பேசுகிற பேச்சா இது?

“உனக்கு... உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?”

“உயிரோட இருக்கறது எனக்குத் தெரியும். ரெண்டாவது வருஷத்துலயே தெரியும். முந்தின துறைமுகத்துல கையெழுத்துப் போட்டு இறங்கின காகிதத்தைக் கம்பெனி கிளார்க் என் கையிலயே குடுத்தார். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?”

“காகிதம் எங்க?”

“அடுப்புல போட்டேன். அவங்ககிட்ட வேற நகல் இல்ல. இறங்கினான்னு அவங்களால நிரூபிக்க முடியல. வாசல்லயே உக்காந்தேன். கடைசியில பேரைச் செதுக்கினாங்க.”

“எதுக்கும்மா? எதுக்கு?”

“ஓடிப் போனவன் பிள்ளைங்கன்னு உங்களை ஒருத்தன் சொல்லக்கூடாது. கடல்ல போனவன் பிள்ளைங்கன்னா ஊர் மரியாதை குடுக்கும். பள்ளிக்கூடத்துல உங்களை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா? அதோட...” அம்மாவின் தாடை இறுகியது. “எனக்கு அவனைச் சாகடிக்கணும் போல இருந்துது. கல்லுல சாகடிச்சேன். இதுல என்ன தப்பு?”

“தம்பி!” பெரியவளின் குரல் உடைந்தது. “தம்பி அங்க போய் முங்கினானே, அப்போ சொல்லியிருக்கலாமே! கப்பல்லருந்து துருப்பிடிச்ச தட்டு ஒண்ணு எடுத்துட்டு வந்து, அப்பா சாப்பிட்ட தட்டா இருக்கும்னு அழுதானே! நீதானே அதைக் கழுவி அலமாரியில வெச்சே! போன வருஷம் ஆக்சிஜன் தீந்து அரை உசுரா வந்தானே, ஆஸ்பத்திரியில நீ பக்கத்துல உக்காந்திருந்தியே! அப்பக்கூட வாய் வரலையா உனக்கு?”

“சொல்லணும்னு நெனப்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாச்சு.”

“அவர் ஒரு பொய் சொல்லிட்டுப் போனார். நீ தினமும் சோத்தோட சேத்து ஊட்டியிருக்கே!”

அம்மா அறை வாங்கியவளைப் போலப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “தம்பிகிட்டச் சொல்லிடாதே” என்றாள்.

“அப்பா வந்திருக்கறதைச் சொல்லிட்டேன். உன் விஷயத்தை நீயே சொல்லு.”

கீழே படகு ஊதியது. அம்மா மைக்கை இயக்கினாள். “பயணிகள் கவனத்திற்கு. அக்கரை செல்லும் படகு ஐந்தாவது மேடையிலிருந்து...”

துறையில் நின்ற கூட்டம் மொத்தமும் ஐந்தாவது மேடைக்கு ஓடியது. அங்கே படகே இல்லை. யாரோ ஒருவர் மேலே பார்த்துத் திட்டினார். பதினேழு வருடத்தில் அம்மா தப்பாகச் சொன்னது இதுதான் முதல் முறை. திருத்திச் சொல்ல அவள் மறுபடி மைக்கைத் தொட்டபோது பெரியவள் படியிறங்கிவிட்டாள்.

*

படகில் அவர் பின்கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் முன்பக்கம் பெரியவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் அந்த வண்ண அட்டை. ஐந்தாவது இடத்துக்கு டிக் போடவில்லை.

“அந்தப் பையன் டைவர்னு சொன்னீங்க. ரெண்டு பிள்ளைங்கன்னும் சொன்னீங்க. இன்னொண்ணு?”

“பொண்ணு. அப்போ ஒன்பது வயசு.”

“இப்போ?”

பெரியவள் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“உலகத்துல யாருமே இல்லாதவர்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டார். அந்தக் கல்லுல இருக்கற தேதிக்கு ஒன்பது நாள் முன்னாடி எங்களுக்குக் கல்யாணம். பேரு ஒத்துப்போகலாம், இனிஷியல் ஒத்துப்போகலாம். உங்க கதையைக் கேட்டு அவர் முகம் போன போக்கு? நான் கணக்கு டீச்சர்ம்மா.” நிறுத்தினார். “உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா நீங்க காலையிலயே சொல்லியிருக்கலாம். என் பொண்ணு அவரை அந்தப் பேரு பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்தா பாருங்க, அதுக்கு முன்னாடி.”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் போட்டோவை அவள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

நாலரைக்குப் படகு, அக்கரையில் பயணிகள் கப்பல் நிற்கும் மேடையில் கொண்டு விட்டது. மற்றவர்கள் நன்றி சொல்லி, கைகுலுக்கி, ஏணிப் படியில் ஏறிப் போனார்கள். டீச்சர் கைப்பையைத் திறந்து மூன்று கப்பல் அட்டைகளை எடுத்தார். அது இல்லாமல் காவலாளி யாரையும் ஏறவிட மாட்டார்.

“நான் மேல போய் எல்லாத்தையும் விளக்கமாச் சொல்றேன்” என்றார் அவர்.

“வேணாம். நிறைய விளக்கம் கேட்டாச்சு.” டீச்சர் இரண்டு அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாவதைப் பெரியவளிடம் நீட்டினார். “இது அவரோடது. குடுக்கறதா இருந்தா நீங்க குடுங்க. என்னால முடியாது.”

“அம்மா, என்னம்மா நடக்குது? அப்பா ஏன் வரல?” மகள் கையை உதறிக்கொண்டு நின்றது. டீச்சர் அதன் தோளைப் பிடித்து ஏணியில் ஏற்றினார். பாதி ஏணியில் அந்தப் பெண் திரும்பிப் பெரியவளைப் பார்த்த பார்வையில் கேள்வி மட்டும்தான் இருந்தது. எந்தத் தப்பும் செய்யாத ஒரு முகம். அதன் மீது கோபப்படவும் முடியாமல் பெரியவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கப்பல் ஒரு முறை ஊதியது. மேடையில் இருவர் கயிற்றை அவிழ்க்கத் தயாராகப் போய் நின்றார்கள்.

“பெரிசு, அட்டையைக் குடும்மா” என்றார் அவர். இப்போது குரலில் அந்தக் காலைச் சிரிப்பு இல்லை. “இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது.”

“நிறையப் பேருக்கு உங்களைத் தெரியும். கல்லுல இருக்கீங்களே.”

“கெஞ்சிக் கேக்கறேன்.”

மேடையை நோக்கி ஒரு சின்ன வேலைப் படகு சீறி வந்தது. முன்முனையில் கறுப்பு ரப்பர் உடையோடு, தலை சொட்டச் சொட்ட முங்கி நின்றிருந்தான். படகு நிற்கும்வரைகூடப் பொறுக்காமல் மேடைக்குத் தாவினான். தாவியவன் அங்கேயே நின்றுவிட்டான். ஐந்து வயதில் பார்த்த முகத்தை அவன் அந்த மனிதரிடம் தேடுவது பெரியவளுக்குத் தெரிந்தது.

அம்மா சொன்னதை அவன் இன்னும் கேட்கவில்லை. அதை யார் சொல்வது, எப்படிச் சொல்வது?

அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

“முதல்ல அவன்கிட்டப் பேசுங்க.”

“இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு. கப்பல் போயிடும்மா!”

“போகட்டும்” என்றாள் பெரியவள்.